மரவீட்டில் இரண்டு வாரம்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் கலைஞர்கள் தங்கும் திட்டங்கள்

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இடங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர் ரெசிடென்சி திட்டங்கள் நடக்கின்றன. ஓவியர், ஒளிப்படக்காரர், எழுத்தாளர், இசையமைப்பாளர், நெசவுக் கலைஞர் எனப் பல துறையினரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்கள் வழக்கமாக இரண்டு வாரம் முதல் ஒரு மாதம்வரை பூங்காவுக்குள்ளேயே வாடகை இல்லாமல் தங்கி வேலை செய்வார்கள். பதிலுக்குப் பார்வையாளர்களுக்காக ஒன்றிரண்டு நிகழ்ச்சி நடத்த வேண்டும். பல இடங்களில் ஒரு படைப்பையோ அதைப் பயன்படுத்தும் உரிமையையோ பூங்காவுக்குத் தரவும் வேண்டும்.

இவற்றைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி மலை, ஏரி, உத்வேகம் என்றே போய்விடுகிறது. விண்ணப்பிக்க நினைக்கிறவருக்கு அதனால் பயன் குறைவு. எத்தனை நாள், எந்தப் பருவம், துணையை அழைத்துப் போகலாமா, எண்ணெய் வண்ணம் எடுத்துப் போகலாமா, மடிக்கணினிக்கு மின்சாரம் இருக்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, அந்தப் பூங்காவிடம் எந்த வீடு சும்மா கிடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அந்த வீட்டுச் சாவியோடு கையெழுத்துக்கு வரும் காகிதம் மிச்சத்தைத் தீர்மானிக்கிறது.

ஓவியத்துக்கும் பூங்காவுக்குமான உறவு பழையது. 1871-இல் புவியியலாளர் ஃபெர்டினாண்ட் ஹேடன் யெல்லோஸ்டோன் பகுதியை ஆய்வு செய்யப் போனபோது, ஓவியர் தாமஸ் மோரனும் ஒளிப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சனும் உடன் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த நீர்வண்ணச் சித்திரங்களும் ஒளிப்படங்களும், அந்த இடத்தைக் கண்ணால் பார்த்திராத அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர்களுக்குச் சான்றாகப் பயன்பட்டன. 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவானது. அதே ஆண்டில் யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கை மோரன் தீட்டிய பெரிய எண்ணெய் ஓவியத்தைக் காங்கிரஸ் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது.

1941-இல், பூங்காத் துறையும் அடங்கிய அமெரிக்க உள்துறை, வாஷிங்டனிலுள்ள தன் கட்டடச் சுவர்களுக்கான பெரிய படங்களுக்காக ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸை அமர்த்தியது. கூலி நாளொன்றுக்கு 22.22 டாலர். போர் குறுக்கிட்டதால் 1942-இல் திட்டம் நின்றது. அந்த வேலைக்காக எடுத்த 226 படங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதே பயணங்களில் தன் சொந்த நாட்களில் எடுத்தவை ஆடம்ஸுக்கே உரியவை. ஒரு படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதை வைத்தே அதன் உரிமை தீர்ந்தது. மோரனுக்கு விலை கிடைத்தது, ஆடம்ஸுக்குத் தினக்கூலி கிடைத்தது. இன்றைய ரெசிடென்சி கலைஞருக்குப் பெரும்பாலும் கிடைப்பது தலைக்கு மேல் ஒரு கூரை. அதற்கு ஈடாக எதைத் தருகிறோம் என்று கணக்குப் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை.

வீடுதான் முதல்

கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் இத்திட்டம் 1984-இல் தொடங்கியது. அதற்குக் களம் வில்லியம் ஆலன் வைட் கேபின் என்ற மரவீடு. கான்சாஸ் மாநிலப் பத்திரிகையாசிரியரான வைட், மொரெய்ன் பார்க் புல்வெளியைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கோடை வீட்டை 1912-இல் வாங்கினார். பூங்கா அறிவிக்கப்பட்டதோ 1915-இல். வீடு முதலில் இருந்தது, பூங்கா அதைச் சுற்றி வந்தது. பின்னாளில் அது அரசின் கைக்கு மாறியது.

இப்படிக் கைக்கு வந்த வீடுகள் பல பூங்காக்களில் உண்டு. வரலாற்றுச் சின்னமாகப் பதிவானால் எளிதில் இடிக்க முடியாது. குளிர்காலம் தாங்கும்படி சுவரைப் பிரித்து மாற்றுவதும் எளிதல்ல, அதனால் ஆண்டு முழுதும் வேலை பார்க்கும் ஊழியருக்குக் குடியிருப்பாகத் தர முடியாது. பூட்டியே வைத்தால் எலியும் ஈரமும் கூரை ஒழுகலும் சேர்ந்து சில ஆண்டுகளில் வீட்டைத் தின்றுவிடும். கோடையில் மட்டும், ஓரிருவர் மட்டும், பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வந்து தங்கினால் வீட்டுக்கும் நல்லது. கலைஞர் இந்தத் தேவைக்கு அச்சாகப் பொருந்துகிறார்.

கணக்கும் இதிலிருந்தே வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர்வரை ஒரே வீடு, தலைக்கு இரண்டு வாரம், இடையில் சுத்தம் செய்ய ஓரிரு நாள் என்றால் ஆண்டுக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் இடமில்லை. தேர்வு கடினமாக இருப்பதற்கு நடுவர்களின் கண்டிப்பைவிட இந்தக் கூட்டல் கழித்தலே காரணம்.

அலாஸ்காவின் டெனாலியில் கலைஞர்களுக்கு வழங்கப்பட்டது ஈஸ்ட் ஃபோர்க் கேபின். 1920-களில் சாலை போடும் ஆட்களுக்காகக் கட்டியது. 1939 முதல் 1941 வரை உயிரியலாளர் அடால்ஃப் மியூரி ஓநாய்களை ஆராய்ந்தபோது இதுவே அவருக்குத் தளம். பூங்காவின் ஒரே சாலை 92 மைல், கேபின் இருப்பது ஏறக்குறைய 43-ஆவது மைலில். 2021 ஆகஸ்டில், அதற்குச் சற்றுத் தள்ளி பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் உறைமண் இளகி நிலம் வேகமாகச் சரியத் தொடங்கியதால், அந்தப் பக்கத்துக்கு அப்பால் போக்குவரத்து நின்றது. ஒரே சாலையை நம்பிய இடத்தில் சாலைக்கு வரும் எந்தக் கேடும் திட்டத்தையும் பாதிக்கும். விண்ணப்பிக்கும் முன் பூங்காவின் இணையப் பக்கத்தில் கலைஞர் பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாமல், சாலை நிலவரப் பகுதியையும் படியுங்கள்.

சுப்பீரியர் ஏரியின் நடுவிலுள்ள ஐல் ராயல் தீவில் டாஸ்லர் கேபின். மின்சாரம் கிடையாது, கழிவறை குழி வகை, தீவின் படகுத்துறையான ராக் ஹார்பருக்குப் போய்வர நடை அல்லது கனூ படகு. பூங்காவே நவம்பர் 1 முதல் ஏப்ரல் நடுவரை மூடியிருக்கும். ஹூட்டன் ஊரிலிருந்து பூங்காவின் கப்பலில் ஏறினால் தீவை அடைய ஆறு மணி நேரம். மறந்த தூரிகையை வாங்க ஊருக்குப் போய் வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபுளோரிடாவின் டிரை டோர்டுகாஸில், கீ வெஸ்டிலிருந்து சுமார் 70 மைல் கடலுக்குள் இருக்கும் லாகர்ஹெட் தீவு இன்னும் தொலைவு. அங்கே ஒரு மாதத் தங்கலை நேஷனல் பார்க்ஸ் ஆர்ட்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு நடத்தி வந்திருக்கிறது. ஒரு மாத உணவையும் கையோடு கொண்டுபோக வேண்டும், தொலைபேசிச் சிக்னல் இல்லை.

வீடே இல்லாத திட்டமும் உண்டு. அலாஸ்காவில் 2010 முதல் நடக்கும் 'வாய்சஸ் ஆஃப் த வில்டர்னஸ்' திட்டத்தில் கலைஞர் ரேஞ்சரோடு (வனப் பாதுகாப்பு ஊழியர்) கயாக் படகில் போய்க் கூடாரத்தில் தங்கி, அவருடைய அன்றாட வேலையில் கை கொடுத்தபடி தன் வேலையைச் செய்கிறார். சுமார் ஒரு வாரம்தான். கூரை இல்லாததால் நாளும் சுருங்குகிறது.

வீடு மறுபடி வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் திட்டம் நிற்கும். சுற்றுலா ஊர்களில் வாடகை ஏறிக்கிடப்பதால் பருவகால ஊழியர்களுக்குப் படுக்கை கிடைக்காமல் பல பூங்காக்கள் திண்டாடுகின்றன. அப்படி நெருக்கும்போது முதலில் கை வைக்கப்படுவது கலைஞரின் அறை. இதன் இன்னொரு முகத்தை மாசசூசெட்ஸின் கேப் காட் கடற்கரையில் பார்த்தோம். பிராவின்ஸ்டவுன் மணல்மேடுகளில் 19 பழைய குடில்கள் இருக்கின்றன, அவற்றில் 18 பூங்காத் துறைக்குச் சொந்தம். எழுத்தாளர்களும் ஓவியர்களும் பல தலைமுறையாக வந்து தங்கி வளர்த்த இடம் அது, சில குடில்களில் உள்ளூர் அமைப்புகள் கலைஞர் தங்கலை நடத்துகின்றன. 2023-இல் எட்டுக் குடில்களைப் பத்தாண்டுக் குத்தகைக்கு ஏலம்போலப் போட்டித் திட்டம் கேட்டு அறிவித்தபோது, பல பத்தாண்டுகளாக அவற்றைச் செப்பனிட்டு வாழ்ந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. ஊரே எதிர்த்துப் பேசியது. அந்தக் குடில்களை மணல் விழுங்காமல் காப்பாற்றியது அவற்றில் இருந்தவர்களின் கை என்பதால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

கேபினுக்குள் என்ன தவறும்

நூறாண்டு மரவீட்டில் எண்ணெய் வண்ணத்தோடு இருப்பவர் முதலில் பயப்பட வேண்டியது கரடிக்கு அல்ல, தான் கசக்கிப் போட்ட துணிக்கு. ஆளிவிதை எண்ணெய் நீர் ஆவியாவதுபோல் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது, அந்த வினையில் வெப்பம் வெளிப்படும். கேன்வாஸில் மெல்லிய படலமாக இருக்கும்போது வெப்பம் காற்றில் கலந்துவிடும். தூரிகையைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி நடுவில் தேங்கும். சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும், வினை வேகமெடுக்க இன்னும் சூடு ஏறும். சில மணி நேரத்தில், தீக்குச்சியே இல்லாமல், துணி தானாகப் பற்றிக்கொள்ளும். இரவில் தூங்கும்போது இது நடந்தால் உலர்ந்த மரவீட்டில் தப்பிக்க அதிக நேரம் இருக்காது. இறுக மூடும் உலோக டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பட்ட ஒவ்வொரு துணியையும் காகிதத்தையும் அன்றன்றே அதில் அமுக்கி வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, கிளம்பும்போது பூங்கா ஊழியர் சொல்லும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். சில பூங்காக்கள் எண்ணெய் வண்ணத்தையே அனுமதிப்பதில்லை என்றால் காரணம் இதுவும், சிறிய அறையில் தேங்கும் கரைப்பானின் ஆவியும்தான். தண்ணீரில் கலக்கும் எண்ணெய் வண்ணம் கரைப்பானின் தேவையை நீக்கும். ஆனால் அதிலும் உலரும் எண்ணெய் இருப்பதால் துணி விஷயத்தில் அதே கவனம் வேண்டும்.

விமானத்தில் போகிறவருக்கு இன்னொரு சிக்கல். டர்பன்டைன், மினரல் ஸ்பிரிட் போன்ற கரைப்பான்கள், கரிக்கோட்டுச் சித்திரத்தின் மேல் அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே ஆகியவை கைப்பையிலும் போகாது, சரக்குப் பெட்டியிலும் போகாது. கரடி விரட்டும் மிளகு ஸ்ப்ரேயும் அப்படியே. இவற்றைப் பூங்காவை ஒட்டிய ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும், மீந்ததைத் திரும்பும்போது விட்டுவிட்டு வர வேண்டும். எண்ணெய் வண்ணக் குழாய்கள் பொதுவாகப் போகும், ஆனால் சோதனை செய்பவர் 'பெயின்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் ஒதுக்கிவிடலாம். தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாளை அச்சிட்டு, தீப்பற்றும் வெப்பநிலை எழுதிய வரியைக் கோடிட்டுக் குழாய்களோடு வைப்பது நல்லது. 'தாவர எண்ணெயில் ஆன கலைஞர் வண்ணம்' என்று மேலே எழுதி வைத்தால் பேச்சு குறையும்.

எந்த வகை வண்ணம் எந்த ஊருக்கு என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ராக்கி மலையில் மொரெய்ன் பார்க் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,450 மீட்டர். காற்று வறண்டது. நீர்வண்ணத்தில் ஈரத்தின் மேல் ஈரம் போடும் முன் முதல் பூச்சு காய்ந்து ஓரம் கோடாகிவிடும். தண்ணீரில் சில துளி கிளிசரின் சேர்த்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் நிலைமை தலைகீழ்: தாள் காயவே காயாது, அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அங்கே காற்றுப்புகா டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளும் தேவை. அலாஸ்காவில் செப்டம்பர் இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். அக்ரிலிக் வண்ணம் உறைந்து உருகினால் அதன் பால்மம் பிரிந்து தயிர்போல் திரியும், பிறகு கலக்கினாலும் சேராது. குழாய்களைத் தூங்கும் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வழி.

கேன்வாஸ் அளவில் பலர் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குச் சட்டமடித்த பெரிய கேன்வாஸைவிட 6×8, 9×12 அங்குலப் பலகைகளே பொருத்தம். ஈரப்பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் செருகி வைக்கும் பெட்டி ஒன்றும் வேண்டும், ஏனென்றால் கடைசி மூன்று நாளில் தீட்டிய எண்ணெய்ப் படம் எதுவும் கிளம்பும் நாளில் காய்ந்திருக்காது. தூரிகை கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றக் கூடாது. காட்மியம், கோபால்ட் நிறமிகள் மண்ணிலும் ஓடையிலும் சேரக் கூடாதவை. ஒரு வாளியில் இரவு முழுதும் தெளியவிட்டு, அடியில் படிந்த வண்டலைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையோடு வெளியே கொண்டுவந்து, மேல்நீரை எங்கே கொட்டுவது என்று ஊழியரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

எலி விஷயம் சிறியதாகத் தோன்றும், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. வட அமெரிக்கக் காட்டு மான்-எலியின் எச்சத்திலும் சிறுநீரிலும் ஹான்டா வைரஸ் இருக்கலாம், உலர்ந்த தூசியாகப் பறந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. 2012-இல் யோசெமிட்டி பூங்காவில் தங்கியவர்களிடையே பத்துப் பேருக்குத் தொற்று ஏற்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். சில மாதம் பூட்டிக்கிடந்த கேபினுக்குள் நுழைந்ததும் துடைப்பத்தை எடுப்பது இயல்பான பழக்கம், இங்கே அது மிகத் தவறான முதல் வேலை. கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். பிறகு கையுறை மாட்டி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேல் நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்தெடுத்துப் பையில் கட்டுங்கள்.

தண்ணீரில் ஐல் ராயலுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. ஓநாய்க்கும் மூஸ் மானுக்கும் இடையே சுழலும் ஒரு நாடாப்புழுவின் முட்டை அங்குள்ள நீரில் இருக்கலாம். பயணிகள் வழக்கமாக நம்பும் அயோடின் மாத்திரையும் புற ஊதா விளக்குப் பேனாவும் அதைக் கொல்லாது. கொதிக்க வைக்க வேண்டும், அல்லது 0.4 மைக்ரான் அளவுக்கு வடிகட்டும் ஃபில்டர் வேண்டும்.

வாசலைத் தாண்டினால்

பூங்காவில் தங்கும் கலைஞருக்குப் பார்வையாளரைவிடக் கூடுதல் சலுகை இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. இல்லை. கல், இலை, எலும்பு, இறகு, மண், எதையும் எடுக்கக் கூடாது என்ற கூட்டாட்சி விதி அவருக்கும் பொருந்தும். அந்த மண்ணிலிருந்தே நிறமி அரைத்து ஓவியம் தீட்டுவேன் என்று விண்ணப்பத்தில் எழுதுவது அழகாக இருக்கும், தேர்வுக் குழுவில் இருக்கும் ரேஞ்சர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அப்படி ஒரு வேலைக்குத் தனி அனுமதி தேவை. பூங்காவுக்கு வெளியே வாங்கிய மண்ணை வைத்துச் செய்வது அதைவிட எளிது. டிரோன் பறக்க 2014 ஜூன் முதல் தடை. 1964-ஆம் ஆண்டு வனப்பகுதிச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தில் மோட்டார் கருவிகளும் நிலைத்த அமைப்புகளும் கூடாது, அதனால் அங்கே சிற்பம் நிறுவுவது சில மணி நேரத்துக்கு என்றாலும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கரடி, ஓநாயிலிருந்து 91 மீட்டர், மற்ற பெரிய விலங்குகளிலிருந்து 23 மீட்டர் என்ற தூரம் பல பூங்காக்களில் பொதுவானது. ஓவியத் தாங்கியை நிறுத்தி உட்கார்ந்திருக்கும்போது எல்க் மான் நெருங்கி வந்தால் எழுந்து போக வேண்டியவர் ஓவியர்தான்.

2014-இல் ஒருவர் மேற்கு மாநிலங்களின் பல தேசியப் பூங்காக்களில் பாறைகள்மேல் அக்ரிலிக்கில் முகங்கள் வரைந்து சமூக ஊடகத்தில் வெளியிட்டார். 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 200 மணி நேரச் சமூகப்பணியும், கூட்டாட்சி நிலங்களுக்குள் இரண்டு ஆண்டு நுழைவுத் தடையும் விதிக்கப்பட்டன. அவர் எந்த ரெசிடென்சியிலும் இருந்தவர் இல்லை. ஆனாலும் பாறை, சுவர், மரம் என்று வரும் திட்ட வரைவுகளைப் பூங்காக்கள் கூர்ந்து பார்ப்பது இயல்பே.

கையெழுத்துக்கு வரும் காகிதம்

பெரும்பாலான பூங்காக்கள் கலைஞரைத் தன்னார்வலராகப் பதிவு செய்கின்றன. சம்பளம் இல்லாததற்கு இதை ஒரு சாக்காக மட்டும் பார்க்க வேண்டாம், ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. பதிவு செய்த தன்னார்வலர் ஒப்புக்கொண்ட பணியின்போது காயமடைந்தால் அரசு ஊழியருக்கான காயச் சட்டத்தின் கீழ் சிகிச்சைச் செலவு கேட்கலாம். ஆனால் அந்தப் பணி என்ன என்பதைப் படிவத்தில் எழுதியபடிதான் பார்ப்பார்கள். 'வாரம் ஒரு பொது நிகழ்ச்சி' என்று மட்டும் எழுதியிருந்தால் பாறைச் சரிவில் வரைந்துகொண்டிருந்தபோது கால் முறிந்தது பணியா, சொந்த வேலையா என்ற கேள்வி எழும். களத்தில் வரைதலும் பணிவிவரத்தில் சேர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சொந்த மருத்துவக் காப்பீடு எப்படியும் வேண்டும்.

தன்னார்வலர் என்பதால் வரும் இன்னொரு விளைவைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. காங்கிரஸில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசு முடங்கினால், சட்டப்படி அரசு அமைப்புகள் தன்னார்வ உழைப்பையும் ஏற்க முடியாது. 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள், 2025 அக்டோபரில் தொடங்கியது 43 நாள். அக்டோபர் 1 அமெரிக்க நிதியாண்டின் முதல் நாள் என்பதால், இலையுதிர்காலத் தவணையை எடுப்பவர் பணம் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டை எடுப்பது புத்திசாலித்தனம்.

படைப்பு பற்றிய பத்தியை மூன்று முறை படிக்க வேண்டும். பொருளின் உடைமை வேறு, பதிப்புரிமை வேறு. ஓவியத்தைக் கொடுத்துவிட்டாலும் அதைப் பிரதியெடுக்கும் உரிமை கலைஞரிடமே இருக்கும், எழுத்துமூலம் மாற்றித் தந்தால் மட்டுமே அது போகும். அரசு ஊழியர் பணியில் செய்ததற்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை என்ற விதியும் சம்பளமின்றி வரும் கலைஞரின் சொந்த ஓவியத்துக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ஆகவே எல்லாம் நீங்கள் கையெழுத்திடும் அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. சில பழைய ஒப்பந்தங்கள் ஓவியத்தோடு பதிப்புரிமை முழுவதையும் கேட்டன. இது கூடாது என்பதே எங்கள் தெளிவான கருத்து: இரண்டு வாரக் கூரைக்கு ஆயுள் முழுதும் தொடரும் உரிமை ஈடாகாது, பூங்காவுக்கு அது தேவையும் இல்லை. கண்காட்சி, கல்விப் பிரசுரம், இணையதளம் ஆகியவற்றுக்கான, பிறருக்கும் தருவதைத் தடுக்காத உரிமம் போதும். பூங்காக் கடையில் அஞ்சலட்டையாகவும் குவளையாகவும் விற்கலாமா என்பதைத் தனியே எழுத வேண்டும், ஏனென்றால் அந்தக் கடையை நடத்துவது பெரும்பாலும் பூங்காவோடு இணைந்த வேறொரு லாபநோக்கற்ற அமைப்பு.

பூங்காக்களும் மாறி வருகின்றன, அதற்குக் காரணம் இடநெருக்கடி. ஒரு ஓவியத்தை அருங்காட்சியகத் தொகுப்பில் ஏற்றால் பதிவெண் இட்டு, பட்டியலிட்டு, ஈரப்பதமும் வெப்பமும் அதிகம் ஏறி இறங்காத அறையில் வைத்து, ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். தாளில் செய்த படைப்பைச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் 50 லக்ஸ் அளவைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு ஓவியம் என்று முப்பது ஆண்டு சேர்ந்தால் 180. யாரும் பார்க்காத அலமாரியில் அடுக்கி வைக்க மக்கள் பணம் செலவாகும். அதனால் மூல ஓவியத்துக்குப் பதிலாக உயர்தெளிவு மின்கோப்பு கேட்பது இப்போது பல இடங்களில் காணப்படுகிறது. இரு தரப்புக்கும் இதுவே நல்ல ஏற்பாடு. மூல ஓவியம்தான் வேண்டும் என்றால், எப்போது எந்த அளவில் தர வேண்டும், சட்டமிட்டு அனுப்பும் செலவு யாருடையது, பூங்கா ஒருநாள் அதைத் தொகுப்பிலிருந்து நீக்கினால் கலைஞருக்கு முதலில் தெரிவிப்பார்களா என்பதைக் கேளுங்கள்.

பொது நிகழ்ச்சிக்குத் திரைப்படக் காட்சிபோலத் தயார் செய்துகொண்டு போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். வருகிறவர்கள் மலையேறிக் களைத்த குடும்பங்கள், பாதிப்பேர் குழந்தைகள். கோடையில் இரவு எட்டரை மணிவரை வெளிச்சம் இருப்பதால் திறந்தவெளி அரங்கில் புரொஜக்டர் படம் தெரியாது, காற்றில் திரையும் நிற்காது. இருபது தாள், இருபது பென்சில், ஒரு மரம் போதும்: ஐந்து நிமிடம் பார்த்து, பத்து நிமிடம் வரைந்து, பிறகு பேசலாம். நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும்.

விண்ணப்பமும் செலவும்

கோடைத் தங்கலுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ முடிந்துவிடும். படைப்பு மாதிரி, சுயவிவரம், ஒரு பக்கத் திட்டக் குறிப்பு, இவைதான் வழக்கமாகக் கேட்கப்படுபவை. குழுவில் உள்ளூர்க் கலைஞர்களோடு ரேஞ்சர்களும் இருப்பார்கள். மாதிரிப் படங்களைப் பார்த்து முதல் சுற்றில் வடிகட்டிவிட்டு, மிஞ்சியவர்களின் குறிப்பை 'இது இந்த வீட்டில், இந்த நாட்களில் நடக்குமா' என்ற கண்ணோடு படிப்பார்கள். 'இயற்கையோடு ஒன்ற விரும்புகிறேன்' என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். 'மொரெய்ன் பார்க் புல்வெளியில் காலை ஆறு முதல் எட்டுவரை ஒரே இடத்திலிருந்து பன்னிரண்டு சிறு நீர்வண்ணங்கள், மின்சாரம் தேவையில்லை, கழிவுநீரைச் சேகரித்து வெளியே கொண்டுவருவேன், மக்களுக்குப் பென்சில் வகுப்பு' என்று எழுதியவர் வேறாகத் தெரிவார். பத்து மாதிரி கேட்டால் ஒரே தொடரிலிருந்து பத்து அனுப்புவது, பத்து விதமாக அனுப்புவதைவிட நல்லது. ஓவியத்தை வெயிலில் சாய்வாகப் பிடித்து எடுத்த படத்தில் வண்ணம் வெளுத்து ஓரம் கோணலாகும். மேகமூட்டமான நாளில் நிழலில், கேமராவைப் படத்தின் நடுவுக்கு நேராக வைத்து எடுத்தால் அந்தக் குறை இருக்காது.

உதவித்தொகை தரும் இடங்கள் உண்டு, பெரும்பாலும் லாபநோக்கற்ற கூட்டாளி அமைப்பு இருக்கும் இடங்களில். எவர்கிளேட்ஸில் 2001 முதல் இயங்கும் AIRIE என்ற அமைப்பின் ஒரு மாதத் தங்கல் அந்த வகை. கிராண்ட் கேனியனிலும் அதன் துணை அமைப்பே கலைஞர் திட்டத்தைக் கவனிக்கிறது. பல பூங்காக்களில் உதவித்தொகை கிடையாது. பயணம், வாடகைக் கார், உணவு, பொருள், விட்டு வந்த ஊர் வாடகை எல்லாம் கலைஞர் தலையில். இதனால் சம்பளத்தோடு கோடை விடுப்பு கிடைக்கும் பேராசிரியர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் இது எளிதாகவும், நாள் கூலிக்கு வேலை பார்க்கும் இளம் கலைஞருக்கு எட்டாததாகவும் ஆகிவிடுகிறது. இந்தத் திட்டங்களின் பெரிய குறை இதுதான். வீட்டின் அளவை மாற்ற முடியாது, இதை மாற்ற முடியும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விண்ணப்பிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அறிவிப்பில் அமெரிக்கக் குடிமக்கள், நிரந்தரக் குடியுரிமையாளர் மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்பதை. இல்லையென்றால் அடுத்த கேள்வி விசா. அமெரிக்க வேலைதருநரோடு ஒப்பந்தம் இல்லாமல், அங்கே தொடர்ந்து விற்கும் எண்ணம் இல்லாமல், ஓவியம் தீட்டவோ சிற்பம் செய்யவோ மட்டும் வரும் கலைஞருக்கு, குறுகிய காலத் தொழில்முறைப் பயணத்துக்கான பி-1 விசாவில் இடம் உண்டு. ஆனால் தன்னார்வலர் படிவத்தில் கையெழுத்திட்டு உதவித்தொகையும் வாங்கும்போது அந்த வரையறைக்குள் நிற்கிறோமா என்பது மாறலாம். பூங்காத் துறைக்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கென்று, பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசா வழியில் ஒரு தனித் திட்டம் இருக்கிறது, அதற்குக் காகித வேலை பல மாதம் பிடிக்கும். ஆகவே தேர்வுக் கடிதம் வந்த பிறகு கேட்கலாம் என்று இருக்காமல், விண்ணப்பிக்கும் முன்பே பூங்காவின் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: வெளிநாட்டவரை இதற்கு முன் ஏற்றிருக்கிறீர்களா, எந்த விசாவில், அழைப்புக் கடிதத்தில் தன்னார்வப் பணி என்று எழுதுவீர்களா, கலைப் பணி என்று எழுதுவீர்களா. பதில் வந்த பிறகு பயணச்சீட்டைப் பற்றி யோசிக்கலாம்.